நெருப்பெரிச்சலில் ஒரு ஜில்!

எங்கள் ஏரியாவின் பெயரை முதல் தடவை கேட்கிற யாரும் சும்மா போனதில்லை. "நெருப்பும் எரிச்சலும் ஒண்ணாவே இருக்கா? அங்கே எப்படி சார் குடியிருக்கீங்க?" என்பார்கள். பேங்க்கில் ஃபாரம் எழுதிக் கொடுத்தால், கவுன்டரில் இருப்பவர் விலாசத்தைப் படித்துவிட்டு என் மூஞ்சியை ஒரு தடவை சரிபார்த்துக்கொள்வார்.

நெருப்பெரிச்சல், திருப்பூருக்கு வடக்கே இருக்கிறது. 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. பனியன் கம்பெனி, பவர்டேபிள், லைன் வீடு, பேக்கரி... மறுபடியும் பனியன் கம்பெனி. இதுதான் ஊர். நான் பிறந்தது மண்டபம் பக்கம், ராமநாதபுரம் மாவட்டம். பிழைக்க வந்த இடத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். வெளிநாட்டுக்காரர் திட்டுவதை வாங்கி டையிங், கட்டிங், பேக்கிங் மூன்றுக்கும் குறையாமல் பங்கு போட்டுக் கொடுக்கிற உத்தியோகம்.

மாடியில் ரூம். நான், செக்கிங்கில் இருக்கும் தேனிக்காரன், ஒரு அக்கவுன்டன்ட். கீழே ஓனரம்மா தனியாக இருக்கிறார். பெண்ணைக் கட்டிக் கொடுத்தாயிற்று. தண்ணீர் வருகிற நாளில் "தம்பி, மோட்டாரப் போட்டுட்டு வாங்க" என்று கீழிருந்து ஒரு குரல் வரும். ஓடிப்போய்ப் போட வேண்டும். டேங்க் நிறைந்தால் நிறுத்த வேண்டும். அந்த வேலை என்னுடையது. போன வருஷம் நான் காய்ச்சலில் ஒரு வாரம் படுத்துக் கிடந்தபோது, வேளைக்கு ஒரு சொம்பு கஞ்சி மாடி ஏறி வந்தது. அதற்கு வாடகையில் கணக்கு இல்லை.

இப்பேர்ப்பட்ட வீட்டில்தான் நாங்கள் கருவாடு வறுத்தோம்.

அதுவும் எப்போது? புரட்டாசி இரண்டாவது சனிக்கிழமை! திருப்பூரில் சனிக்கிழமை என்றால் சம்பளம். சம்பளம் வந்த ராத்திரியில் நாக்கு சும்மா இருக்குமா? ஊரிலிருந்து என் சின்னம்மா கொடுத்து அனுப்பிய நெத்திலிக் கருவாடு பொட்டலம் பரணில் இருந்தது. கருவாடு என்னுடையது, எண்ணெய் தேனிக்காரனுடையது. அன்றைக்குப் புத்தி மட்டும் யாரிடமும் இல்லை. கீழே ஓனரம்மா பெருமாள் படத்துக்கு முன்னால் இலை போட்டுக் கற்பூரம் ஏற்றுகிற நேரத்தில், மேலேயிருந்து நெத்திலி வாசம் படியிறங்கிப் போயிருக்கிறது.

பாதிப் படி ஏறி வந்து நின்றார். சத்தம் போடவில்லை.

"தம்பி, நீங்க வேற வூடு பாத்துக்குங்க. ஐப்பசி பொறந்ததும் காலி பண்ணிக்குங்க சாமி."

சத்தம் போட்டிருந்தால் சமாளித்திருக்கலாம். கொங்குநாட்டுக்காரர்கள் மரியாதையாகச் சொல்லிவிட்டால் அப்பீல் கிடையாது. மறுநாள் மோட்டார் போடும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவரே மாடி ஏறியிருந்தார். என்னைக் கூப்பிடவில்லை. காலி பண்ணச் சொன்னதைவிட அது உறைத்தது.

"மன்னிப்புக் கேட்டுட்டு ஒரு ஸ்வீட் கொடு" என்றார் அக்கவுன்டன்ட். புரட்டாசியில் அவர் கடைப் பண்டம் தொடமாட்டார். அப்போதுதான் எனக்கு பன்னாகோட்டா ஞாபகம் வந்தது.

கோயமுத்தூரில் ஒரு பெரிய ஹோட்டலில், பையரோடு போன டின்னரில் சாப்பிட்டது. வெள்ளை வெளேரென்று, தட்டினால் குலுங்கும், வாயில் வைத்தால் காணாமல் போகும். பேருக்கு அர்த்தம் 'காய்ச்சிய பாலேடு' என்று அந்த இத்தாலிக்காரர்தான் சொன்னார். வடக்கு இத்தாலிப் பலகாரம். இத்தாலிக்கும் நமக்கும் பழைய சம்பந்தம்தானே! 1978-ல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் பம்பாய் வழியாகத் தேடிவந்து வெள்ளை பனியன் வாங்கியதில்தான் திருப்பூர் எக்ஸ்போர்ட் கதையே சூடு பிடித்தது. அவர்கள் ஊர்ப் பலகாரத்தில் நம் ஊர் ரோஸ்மில்க்கை ஊற்றி, மேலே இளநீர் வழுக்கையை மிதக்கவிட்டால்?

"பன்னா... கோட்டா?" அக்கவுன்டன்ட் கண்ணாடியைக் கழற்றினார். "ஜவுளிக்கான கோட்டாவே 2004 டிசம்பரோட ஒழிஞ்சு போச்சு. இப்ப பன்னுக்கு எதுக்குய்யா கோட்டா?"

ரோஜாவுக்கு எங்கே போவது? பூ மார்க்கெட்டில் கிலோ கணக்கில் கிடைக்கும். ஆனால் மாலைக்கு வருகிற பூவில் மருந்து அடித்திருப்பார்கள். தலையில் வைக்கலாம், வயிற்றில் வைக்கக் கூடாது. பன்னீர் ரோஜா செடி ஓனரம்மா வாசலிலேயே இரண்டு இருக்கிறது. சாணி உரத்தில் வளர்ந்தது. பெருமாளுக்கென்றே வளர்ப்பது. வெட்கத்தை விட்டுப் போய்க் கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "சாமிக்குப் போக மிச்சத்தப் பறிச்சுக்குங்க" என்று செடியிடம் சொன்னார்.

வெள்ளிக்கிழமை ராத்திரி சமையல். போனில் ஒரு வீடியோவைப் பார்த்துக்கொண்டே பாலைக் காய்ச்சி, க்ரீம் விட்டு, சர்க்கரை போட்டு, அடுப்பை அணைத்த பிறகு ரோஜா இதழைப் போட்டு மூடிவைத்தேன். (கொதிக்கிற பாலில் போட்டால் வாசம் ஆவியோடு கூரைக்குப் போய்விடும். இதை மட்டும் மறக்காதீர்கள்.) இருபது நிமிஷம் கழித்து மூடியைத் திறந்தால் ரூமே மணந்தது. கலர்தான்... கடை ரோஸ்மில்க் மாதிரி சிவக்கும் என்று நினைத்தீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். நிஜ ரோஜாவைப் பாலில் போட்டால் மங்கலாக ஒரு சாம்பல் ஊதா வருகிறது.

தேனிக்காரன் எட்டிப் பார்த்து, "ஷேடு மேட்ச் ஆகல. ரிஜெக்ட்!" என்றான். செக்கிங்காரன் புத்தி! ஒரு ஸ்பூன் பீட்ரூட் சாறு விட்டதும் பேபி பிங்க் வந்து அப்ரூவல் ஆயிற்று.

கெட்டியாவதற்கு என்னவோ ஜெலட்டின் போட வேண்டுமாம். டிபார்ட்மென்ட் ஸ்டோரில் ஒரு பாக்கெட் வாங்கியிருந்தேன். தண்ணீரில் ஊறவைத்து, சூடான பாலில் கலக்கி, வடிகட்டி, ஆறு எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றி ஃப்ரிட்ஜில் ஏற்றினேன். மறுநாள் அதே பாக்கெட்டில் மீதியைப் போட்டு மேலே இளநீர். காலை டூட்டிக்குப் போகுமுன் ஒரு கிண்ணத்தை ஆட்டிப் பார்த்தேன். கோயமுத்தூர் ஹோட்டல் தோற்றது!

மூன்றாவது சனிக்கிழமை சாயங்காலம். பூஜை முடிகிற நேரமாகப் பார்த்துக் கீழே போய்க் கிண்ணத்தை நீட்டினேன். ஓனரம்மா வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். முகம் கொஞ்சம் இளகியது.

"எம் பூவுல பண்ணுனதுங்களா?"

"ஆமாங்கம்மா."

ஸ்பூன் எடுத்துவர மேலே ஓடினேன். வீடு காலி பண்ணுவது கேன்சல் என்று மனசுக்குள் மேளம் அடித்துக்கொண்டிருந்தது. சிங்க் பக்கத்தில் ஜெலட்டின் பாக்கெட் கவிழ்ந்து கிடந்தது. குப்பையில் போட எடுத்தேன். பின்பக்க மூலையில் சின்னதாக ஒரு பிரவுன் குறி.

பச்சைக் குறி என்றால் சைவம், பிரவுன் என்றால் அசைவம். 2001-லிருந்து நம் நாட்டில் பாக்கெட் சாப்பாட்டில் இது கட்டாயம். பிஸ்கட் வாங்கும்போதுகூட அக்கவுன்டன்ட் பார்ப்பார். நான் பார்க்கவில்லை. ஜெலட்டின் என்றால் ஆப்பசோடா மாதிரி ஏதோ ஒரு வெள்ளைப் பவுடர் என்று நினைத்துவிட்டேன். போனில் தட்டிப் பார்த்தேன். மாடு, பன்றி ஆகியவற்றின் தோலையும் எலும்பையும் வேகவைத்து எடுப்பது!

கருவாட்டு வாசத்துக்கே வீட்டைக் காலி பண்ணச் சொன்னவர். அவர் கையில், அவர் பூவில், எலும்புச் சாறு.

ஒரு நிமிஷம் படியில் நின்றேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். யாருக்குத் தெரியப்போகிறது? மணம் ரோஜா, ருசி பால். பாக்கெட்டைக் கசக்கிப் பையில் வைத்துக்கொண்டால் முடிந்தது விஷயம். வீடு மிஞ்சும். ஊரில் பேச்சிலர் மூன்று பேருக்கு ரூம் கிடைப்பது, பையர் பேமென்ட் நாள் தவறாமல் கிடைப்பது மாதிரி.

கீழே எட்டிப் பார்த்தால் அவர் திண்ணையில் இல்லை. கிண்ணத்தோடு பூஜையறை நிலைப்படியைத் தாண்டக் கால் எடுத்துக்கொண்டிருந்தார். "சாமிகிட்டக் காட்டிட்டு வந்தர்றனுங்..."

"அம்மா, வேண்டாங்க!"

கத்திய கத்தலில் கிண்ணம் ஆடி, இளநீர் ஒரு சொட்டு அவர் கையில் விழுந்தது.

"ஏனுங்?"

"அதுல... ஜெலட்டின் இருக்குதுங்கம்மா."

"ஜெலட்டினா? கெணத்துக்கு வெடி வெக்கறதுங்களா?"

கிணறு தோண்டப் பாறைக்கு வைக்கிற ஜெலட்டின் குச்சி! வேறு சமயமாக இருந்தால் சிரித்து உருண்டிருப்பேன். "அது வேறங்கம்மா, பேருதான் ஒண்ணு. இது மாட்டுத் தோல், எலும்புல எடுக்கறது. இப்பத்தான் பார்த்தேன். எனக்குத் தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாதுங்க."

அவர் மெதுவாக வெளியே வந்தார். கிண்ணத்தை வாசல் படியில் வைத்தார். குழாயில் கை கழுவினார். முந்தானையில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குங்களா?"

"தெரிஞ்சிருக்காதுங்க."

உள்ளே போய்விட்டார். சரி, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று படியில் கால் வைத்தேன். "நில்லுங்க" என்று குரல் வந்தது. கையில் பழைய பிஸ்கட் டப்பா. அதற்குள்ளிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டினார். உள்ளே வெள்ளையாக, காய்ந்த வைக்கோல் மாதிரி நீள நீளமாக இழைகள்.

"எம் புள்ள சின்னதுல கேப்பா. பாலு ஊத்திப் பண்ணிக் குடுப்பன். இதுல தோலும் கெடையாது, எலும்பும் கெடையாது. கடல்பாசி. அடுத்த சனிக்கெழமைக்கு இத வெச்சுப் பண்ணிப் பாருங்க."

நான் பாக்கெட்டைப் பிரித்து மோந்து பார்த்தேன். ரொம்ப லேசாக, கழுவிக் கழுவிப் போன மாதிரி, எங்கள் ஊர்க் கரை வாசம்.

வெட்கக்கேடு, சொல்லித்தான் ஆக வேண்டும். நெத்திலி கொடுத்து அனுப்பினாரே, அந்தச் சின்னம்மாவுக்குத் தொழிலே பாசி எடுப்பதுதான். மன்னார் வளைகுடாக் கரையில் எங்கள் பக்கத்துப் பெண்கள் காலங்காலமாகச் செய்வது. கண்ணுக்குக் கண்ணாடி, விரல்களில் பாறை கிழிக்காமலிருக்கத் துணிச் சுற்று, இடுப்பில் ஒரு பை. ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாம் கிடையாது. மூச்சைப் பிடித்து முங்கி, பாறையிலிருந்து பிய்த்துக்கொண்டு எழ வேண்டும். ஜெலிடியெல்லா என்று விஞ்ஞானப் பெயர் உள்ள பாசிக்கு எங்கள் ஊரில் மரிக்கொழுந்துப் பாசி என்று பேர். பூக்காரி கூடையில் இருக்க வேண்டிய பேர் கடலுக்கடியில் இருக்கிறது! 21 தீவுகளையும் சேர்த்து 1986-ல் கடல் தேசியப் பூங்கா என்று அறிவித்த பிறகு, தீவுப் பக்கம் போவதே வம்பு. பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்தி, இந்தப் பாசிப் பெண்களுக்காகப் பேசி 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி விருது வாங்கினார். அன்றைக்கு எங்கள் கரையில் கொண்டாட்டம். நான் டிப்ளமோ படித்த ஃபீஸில் பாதி, சின்னம்மா முங்கி எழுந்த காசு. அது எங்கே போகிறது, என்னவாகிறது என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. "மதுரைக்குப் போகுது, மருந்துக்குப் போகுது" என்பார்கள், அத்தோடு சரி.

ராத்திரி போன் போட்டேன். "சின்னம்மா, ஒன் பாசியிலதான் இங்கே பால் கட்டி பண்ணித் திங்கிறாங்க."

"அதுல பால ஊத்தியா? கவுச்சி அடிக்காதாடா?"

"வெளுத்துக் காய்ச்சி இழை இழையா வருது சின்னம்மா. பத்துப் பத்து கிராமா பாக்கெட் போட்டு விக்கிறாங்க."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு சிரிப்பு. "பத்துக் கிராமுக்கு ஒரு பாக்கெட்டா! நான் கிலோ கிலோவாத் தூக்கிட்டு வந்து கரையில கொட்டிக்கிட்டுக் கெடக்கேன்டா!"

அந்தச் சிரிப்பு எனக்கு ரொம்ப நேரம் ஜீரணமாகவில்லை.

இன்னொரு வெள்ளிக்கிழமை ராத்திரி. இந்தத் தடவை வீடியோ இல்லை, ஓனரம்மா சொன்ன கணக்கு. அரை லிட்டர் பாலுக்கு 5 கிராம் கடல்பாசி. பொடியாக நறுக்கி, ஒரு டம்ளர் தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, இழை ஒன்றுகூடக் கண்ணில் படாதவரை கொதிக்கவிட வேண்டும். அவசரப்பட்டால் பாலில் நூல் நூலாக நிற்கும். ரோஜா போட்டு வடித்த பாலும் சூடாகவே இருக்க வேண்டும். ஜில் பாலில் ஊற்றினேன் என்று வையுங்கள், ஊற்றின இடத்திலேயே கட்டி தட்டிவிடும். ஏனென்றால், இந்தப் பாசிக்கு ஒரு குணம். உருக 85 டிகிரி வேண்டும். ஆனால் 40-க்குக் கீழே வந்தாலே, ஃப்ரிட்ஜ் இல்லாமல் அடுப்பு மேடையிலேயே உறைந்துவிடும். ஜெலட்டினோ உடம்புச் சூட்டிலேயே உருகி ஓடுகிற கோழை.

இந்த வித்தியாசத்தில் ஒரு பெரிய கதையே இருக்கிறது. 1881-ல் ஜெர்மனியில் ராபர்ட் காக் என்ற மேதையின் லேபில் கிருமிகளை ஜெலட்டின் தட்டில் வளர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் வந்தால் தட்டு உருகித் தண்ணீர். போதாக்குறைக்குச் சில கிருமிகள் ஜெலட்டினையே தின்று தீர்த்தன. அங்கே வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸே என்பவர், "நீ பண்ற ஜெல்லி மட்டும் எப்படி வெயில்ல உருகாம நிக்குது?" என்று வீட்டுக்காரம்மா ஃபேனியைக் கேட்டிருக்கிறார். அந்தம்மா, அகர்-அகர் என்றார். ஜாவாவில் இருந்து வந்த ஒரு டச்சுக்காரர் குடும்பத்தாரிடம், நியூயார்க்கில் சின்ன வயசில் கற்றுக்கொண்டது. நம் கடல்பாசிதான்! அன்றிலிருந்து இன்றுவரை உலகத்தில் உள்ள அத்தனை லேபிலும் கிருமி வளர்வது இதன் மேல்தான். காக் 1882-ல் காசநோய்க் கிருமியைப் பற்றி எழுதியபோது அகரைச் சொன்னார், அந்தம்மா பேரைச் சொல்லவில்லை. சமையலறை ஐடியாவுக்கு அந்தக் காலத்திலும் ராயல்டி கிடையாது போலிருக்கிறது.

பால் அடுக்கு உறைந்ததும், சூடு முழுக்க இறங்குமுன்பே மேலே இளநீரை ஊற்றிவிட்டேன். ஆறவிட்டு ஊற்றினால் இரண்டும் ஒட்டாது, கிண்ணத்தைக் கவிழ்த்தால் மாடி தனி, கீழ்வீடு தனி என்று பிரிந்துவிடும்.

கடைசிச் சனிக்கிழமை. ஓனரம்மா கிண்ணத்தை வாங்கினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். நானே பாக்கெட்டை முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினேன். பச்சைக் குறி. உள்ளே கொண்டுபோய்ப் பெருமாள் படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினார். பிறகு திண்ணையில் வந்து உட்கார்ந்து ஒரு ஸ்பூன் வாயில் போட்டார். மென்றார். ஜெலட்டின் மாதிரி இது கரையாது. லேசாகப் பல்லில் நொறுங்கி, அப்புறம்தான் ரோஜா வரும்.

"பேரென்னமோ சொன்னீங்களே?"

"பன்னாகோட்டாங்கம்மா."

"ரோசாப்பால் கட்டின்னு சொன்னா ஆகாதுங்களா? நல்லாத்தான் இருக்குது. சக்கரதான் ஒரு கரண்டி சாஸ்தி." கிண்ணம் காலியாயிற்று. "இந்தப் பாசி உங்கூருப் பக்கம் எடுக்கறதுங்களா?"

"எங்க சின்னம்மா எடுக்கறாங்கம்மா. கடல்ல முங்கி."

"பொம்பளையா? முங்கியா?" ஸ்பூனை வைத்துவிட்டு, கிண்ணத்தின் அடியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "தீவாளிக்கு வரச் சொல்லுங்க. ரெண்டு நாள் இருந்துட்டுப் போகட்டும்."

ஐப்பசி பிறக்க மூன்று நாள்தான் இருந்தது. காலி பண்ணுவதைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. கிண்ணத்தை வாங்கிக்கொண்டு படியேறினேன். பாதியில் கீழிருந்து குரல் வந்தது.

"தம்பி, டேங்க்கு நெறஞ்சு வழியுது. மோட்டார நிறுத்துங்க!"

ஓடினேன்.